அலைகள் பாடும் ஊர்: தரங்கம்பாடிப் பயணம் உணர்த்திய பாடம்

மத்தியதரைக் கடலின் கரையோர நகரங்களைப் பற்றி வகுப்பில் ஒரு நாள் பேச்சு எழுந்தது. துனீசியாவின் கார்த்தேஜ், லெபனானின் டயர், எகிப்தின் அலெக்சாந்திரியா என்னும் பெயர்களை மாணவர்கள் வியப்போடு கேட்டிருந்தனர். ஒருபுறம் நீலக்கடல், மறுபுறம் இடிந்து நிற்கும் தூண்கள், இடையே வெண்மணல் என அக்காட்சியை நாம் விளக்கி முடித்தபோது, பின் வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். "ஐயா, அப்படிப்பட்ட ஊர் ஒன்றைக் காண நாங்கள் கடல் கடந்துதான் செல்ல வேண்டுமா?" என்று வினவினார்.

அவ்வினா நம் உள்ளத்தைத் தைத்தது. முத்துப்பேட்டையிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில், காவிரி கடலோடு கலக்கும் அதே சமவெளியின் கீழ்க்கரையில், தரங்கம்பாடி இருக்கின்றது. அதற்குச் சற்று வடக்கே பூம்புகார் இருக்கின்றது. தொலைவிலுள்ளதை வியந்து பேசும் நாம், அருகிலிருப்பதைக் காணாது காலம் கழித்துவிட்டோம். எனவே, ஒரு தை மாத விடுமுறை நாளில் மாணவர்களுடனும் ஊர்ப் பெரியவர்கள் சிலருடனும் அவ்வூர்களை நோக்கிப் புறப்பட்டோம். அப்பயணத்தில் கண்டவற்றையும் எண்ணியவற்றையும் இம்மலரின் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

கீழ்க்கரையும் மேலைக்கடலும்

பயணத்தைத் தொடங்குமுன் ஒரு செய்தியைத் தெளிவுபடுத்துதல் நலம். மத்தியதரைக் கடலும் நம் கடலும் ஒன்றையொன்று அறியாதவை அல்ல. இன்றைக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தமிழகத்து மிளகும் துகிலும் முத்தும் மேற்கு நோக்கிச் சென்றன. கப்பல்கள் செங்கடலின் எகிப்தியத் துறைகளை அடையும். சரக்குகள் அங்கே ஒட்டகங்களின் மீது ஏற்றப்பட்டுப் பாலைவனத்தைக் கடக்கும். பின்னர் நைல் ஆற்றின் வழியே படகுகளில் அலெக்சாந்திரியா சென்று மத்தியதரைக் கடலைக் காணும்.

இவ்வாணிபம் வெறும் கதையன்று. எகிப்தின் செங்கடற்கரையிலுள்ள குசைர் அல் காதிம் என்னுமிடத்து அகழாய்வில், 'கண்ணன்', 'சாதன்' என்னும் தமிழ்ப் பெயர்கள் தமிழி எழுத்தில் பொறிக்கப்பட்ட பானை ஓடுகள் கிடைத்துள்ளன. யாரோ ஒரு தமிழ் வணிகர் தம் பானையின் மீது தம் பெயரைக் கீறிவைத்தார். அவருடைய ஊர் எது, செல்வம் எவ்வளவு, கப்பல் என்னவாயிற்று என்பன எவையும் நமக்குத் தெரியா. அவர் எழுதிய எழுத்து மட்டும் எஞ்சி நிற்கின்றது. இதனை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டுகின்றோம். இக்கட்டுரையின் முடிவில் இதற்கு மீண்டும் வருவோம்.

நாகையும் நாகூரும்

வைகறைத் தொழுகைக்குப் பின் புறப்பட்ட எங்கள் பேருந்து, திருத்துறைப்பூண்டியைக் கடந்து, இருபுறமும் கதிர் சாய்ந்த வயல்களினூடே நாகப்பட்டினத்தை அடைந்தது. முதலாம் இராசராச சோழன் காலத்தில், கடல் கடந்த ஸ்ரீவிசய நாட்டு மன்னர் இங்கே சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளியை எழுப்பினார். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் கொடையாக வழங்கப்பட்ட செய்தியைச் செப்பேடுகள் கூறுகின்றன. அச்செப்பேடுகள் ஹாலந்து நாட்டு லைடன் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டமையால் 'லைடன் செப்பேடுகள்' என்றே வரலாற்றில் பெயர் பெற்றன.

மாணவர்கள் அவ்விகாரத்தைக் காண விரும்பினர். காண்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அதன் எஞ்சிய பகுதியாகக் கருதப்பட்ட கோபுரம் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கடலோடிகளுக்கு அடையாளமாக நின்றிருந்தது. 1867-இல் அஃது இடித்துத் தள்ளப்பட்டது. பல நூற்றாண்டுகளாகப் புயலுக்கும் கடலுக்கும் நின்று தாங்கிய ஒன்றை மனிதர்கள் கடப்பாரை கொண்டு வீழ்த்திவிட்டனர் என்று கேட்டபோது மாணவர்கள் வாயடைத்து நின்றனர்.

நாகூரில் சற்று நேரம் தங்கினோம். பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷாகுல் ஹமீது ஆண்டவர் அவர்களின் தர்காவும், அதன் ஐந்து மினாராக்களும் யாவரும் அறிந்தவையே. அவற்றுள் மிக உயர்ந்ததான 131 அடி மினாராவைக் கட்டுவித்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் என்பதைப் பலர் அறியார். ஓர் இந்து மன்னர் எழுப்பிய மினாரா, கடலில் செல்லும் மீனவருக்கும் மாலுமிக்கும் கரையின் குறியாக விளங்கியது. மக்கள் பேணுவதால் அஃது இன்றும் நிற்கின்றது. நாகையின் கோபுரம் பேணுவாரின்றி வீழ்ந்தது. நாகூரின் மினாரா பேணப்பட்டு நிமிர்ந்து நிற்கின்றது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு சில கிலோமீட்டர்களே.

தரங்கம்பாடியின் வாயிலில்

காரைக்காலைக் கடந்து வடக்கே சென்றால் தரங்கம்பாடி வந்துவிடும். முன்னர் நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2020-இல் உருவான மயிலாடுதுறை மாவட்டத்தில் இப்போது அடங்கியுள்ளது. தரங்கம் என்றால் அலை. அலைகள் பாடும் ஊர் என்று பெயருக்குப் பொருள் கூறுவர். ஆயினும், இங்குள்ள மாசிலாமணிநாதர் கோயிலின் பாண்டியர் காலக் கல்வெட்டு இவ்வூரைச் 'சடங்கன்பாடி' என்றும் 'குலசேகரன்பட்டினம்' என்றும் குறிக்கின்றது. இடைக்காலத்திலேயே இது வணிகர் வந்து தங்கிய பட்டினம் என்பது இதனால் புலனாகும்.

1792-ஆம் ஆண்டைத் தாங்கி நிற்கும் வெண்ணிற நகர வாயிலைக் கடந்து உள்ளே நுழைந்தோம். நேரான தெரு, இருமருங்கும் தடித்த சுவர்களும் உருண்ட தூண்களும் கொண்ட பழைய மனைகள், 1718-இல் கட்டப்பட்ட புதிய எருசலேம் ஆலயம், தெருக்கோடியில் கடல். தேவாலயங்களும், பள்ளிவாசலும், சிவன் கோயிலும் ஒரு கூப்பிடு தொலைவுக்குள் அமைந்திருப்பதைப் பெரியவர்கள் சுட்டிக்காட்டி மகிழ்ந்தனர்.

கோட்டையின் கதை

டென்மார்க் நாட்டுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1616-இல் தோன்றியது. ஓவ் கெட்டே என்னும் இளம் தளபதியின் தலைமையில் வந்த டேனியர், 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்துகொண்டு, கடலோரத்தில் டேன்ஸ்பர்க் கோட்டையை எழுப்பினர். அப்போது நாயக்க மன்னர் டென்மார்க் அரசர் நான்காம் கிறித்தியானுக்குப் பொன்னேட்டில் ஓர் ஓலை விடுத்தார். அஃது எழுதப்பட்டது நம் தமிழ்மொழியில். அவ்வோலை இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றது. அதனை விடுத்த நாயக்கரின் அரசு 1673-இல் முடிவுற்றது. அவர் அனுப்பிய ஓலை அழியவில்லை.

கோட்டையின் கீழ்த்தளத்தில் பண்டகசாலையும், சமையற்கூடமும், படைவீரர் அறைகளும், சிறையும் இருந்தன. மேல்தளத்தில் ஆளுநரும் உயர் வணிகரும் வாழ்ந்தனர். இப்போது தமிழ்நாடு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் அங்கே ஓர் அருங்காட்சியகம் நடைபெறுகின்றது.

இக்கோட்டையின் வரலாற்றில் மாணவர்களை மிகவும் கவர்ந்தது ஒரு தனி மனிதரின் கதை. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் டென்மார்க் போர்களாலும் வறுமையாலும் நலிந்தது. 1650-இல் கம்பெனியே கலைக்கப்பட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தாய்நாட்டிலிருந்து ஒரு கப்பலும் வரவில்லை. கோட்டையிலிருந்த டேனியர் ஒருவர் பின் ஒருவராக மாண்டும் பிரிந்தும் போக, இறுதியில் எஸ்கில்ட் கொங்ஸ்பக்கே என்பவர் மட்டும் எஞ்சினார். அவர் உள்ளூர் மக்களைத் துணைக்கொண்டே கோட்டையைக் காத்தார். ஊரைச் சுற்றி மதிலும் எடுத்தார். 1669-இல்தான் டென்மார்க்கிலிருந்து மீண்டும் ஒரு கப்பல் வந்தது. டேனியர் கோட்டை என்று நாம் வழங்கும் அதனை அந்நாட்களில் காத்தவர்கள் பெரும்பாலும் பெயர் அறியப்படாத இவ்வூர் மக்களே. அவர்களைப் பற்றி எழுதிவைப்பார் இல்லாமையால், அவர்தம் பெயர்கள் மறைந்தன.

அச்சும் ஏடும்

தமிழ்த் துறையினராகிய நமக்குத் தரங்கம்பாடி மற்றொரு வகையிலும் உறவுடையது. 1706-இல் இங்கு வந்திறங்கிய சீகன்பால்கு என்னும் செர்மானியப் பாதிரியார் கடற்கரை மணலில் சிறுவரோடு அமர்ந்து தமிழ் எழுத்தைப் பயின்றார் என்பர். அதற்கு முன்பே, 1578-இல், கொல்லத்தில் தமிழ் எழுத்தில் நூல் அச்சேறியிருந்தது. எனினும், தொடர்ந்து நூல்களை வெளியிடும் அச்சுப்பணி வேரூன்றியது தரங்கம்பாடியில்தான். 1712-இல் அச்சுப்பொறி வந்தது. மறு ஆண்டில் செர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் வந்தன. 1715-க்குள் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி முடிந்தது. அருகிலுள்ள பொறையாற்றில் காகித ஆலை ஒன்றும் நிறுவப்பட்டது.

சீகன்பால்கு தாம் திரட்டிய தமிழ் ஏடுகளுக்கு 1708-இல் ஒரு விரிவான பட்டியல் எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களின் பெயரும் பொருளும் அதில் இடம்பெற்றன; தமிழ் முஸ்லிம்களின் நூல்களுக்கென்றும் அதில் ஒரு பகுதி உண்டு. பிற சமயத்தைப் பரப்ப வந்த ஒருவர் நம் முன்னோரின் ஏடுகளையும் விடாது எழுதிவைத்தார். அந்நூல்களுக்கு உரியவர்களான நாம் எத்தனை ஏடுகளைப் பட்டியலிட்டோம் என்று எங்களுடன் வந்த பெரியவர் ஒருவர் வினவினார். நம்மிடம் விடையில்லை.

கடல் கொள்வது எவ்வாறு?

பிற்பகலில் கடற்கரையை அடைந்தோம். மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதி கடலுக்கு இரையானது. எஞ்சியதைக் காக்கக் கரையோரம் கருங்கற்கள் கொட்டப்பட்டுள்ளன. "கடல் ஏன் ஊரை விழுங்குகின்றது?" என்று மாணவர்கள் கேட்டனர். இதனைச் சற்று விளக்குவோம்.

கடற்கரை மணல் நிலையாக ஓரிடத்தில் இருப்பதன்று. அலைகள் கரையைச் சாய்வாகத் தாக்குவதால் மணல் கரையோரமாகவே நகர்ந்துகொண்டிருக்கும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அது வடக்கு நோக்கிச் செல்லும். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கு நோக்கித் திரும்பும். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் நம் சோழமண்டலக் கரையில் வடக்கு நோக்கிய போக்கே மிகுதி. ஓரிடத்திலிருந்து செல்லும் மணலுக்கு ஈடாக வேறு மணல் வந்து சேரும்வரை கரை நிலைத்திருக்கும். வரவு குறைந்து செலவு மிகுந்தால் கரை தேயும். வணிகர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இக்கணக்கு எளிதில் விளங்கிற்று.

மணலின் வரவு ஆறுகளிலிருந்து கிடைக்கின்றது. காவிரியின் நீரையும் வண்டலையும் 1934 முதல் மேட்டூர் அணை தடுத்துத் தேக்குகின்றது. ஆற்று மணலை நாமும் வரம்பின்றி அள்ளுகின்றோம். ஓரிடத்தில் கடலுக்குள் கற்சுவர் நீட்டினால், அதன் தென்புறத்தில் மணல் சேரும்; வடபுறத்துக்கு மணல் வராமையால் அப்பகுதி அரிக்கப்படும். ஓர் ஊரைக் காக்க எடுத்த சுவர் அடுத்த ஊரைத் தேய்ப்பதும் உண்டு. இவற்றோடு புயல்களும் சேர்ந்துகொள்கின்றன. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இவ்வூரின் மீனவர் குடியிருப்புகளை வாரிச் சென்றதையும், பல உயிர்களைக் கொண்டுபோனதையும் இவ்வூரார் இன்னும் மறக்கவில்லை. கோட்டை மட்டும் அன்றும் நின்றது.

அந்நாளில் முத்துப்பேட்டைப் பகுதியில் நாகைக் கரையில் நேர்ந்த அளவுக்கு அழிவு நேரவில்லை. இலங்கைத் தீவும் கோடியக்கரை முனையும் மறைத்து நின்றமை ஒரு காரணம். பாமணியாறும் கோரையாறும் பிறவும் கடல் சேரும் நம் காயலைச் சூழ்ந்த அலையாத்திக் காடு மற்றொரு காரணம். அலையை ஆற்றுவது அலையாத்தி. பெயரிலேயே அதன் பணி அடங்கியிருக்கின்றது. 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் அக்காட்டை முறித்துப்போட்டதை நாம் கண்ணாரக் கண்டோம். அதனை மீண்டும் தழைக்கச் செய்வது வனத்துறையின் கடமை மட்டுமன்று; அதன் நிழலில் வாழும் நம் கடமையுமாகும்.

வாணிபம் விலகிய ஊர்

கடல் அரித்ததால் மட்டும் தரங்கம்பாடி சிறுத்துப்போகவில்லை. 1845-இல் டேனியர் இதனையும் வங்கத்துச் செராம்பூரையும் பிறவற்றையும் சேர்த்துப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றனர். ஆங்கிலேயருக்கு நாகப்பட்டினம் துறைமுகமே போதுமானதாக இருந்தது. 1861-இல் நாகையிலிருந்து தஞ்சைக்கு இருப்புப்பாதை அமைந்தபின் சரக்குகள் அவ்வழியே சென்றன. தரங்கம்பாடிக்கு 1926-இல் வந்த தொடர்வண்டியும் 1986-இல் நின்றுபோயிற்று. வாணிபம் விலகியதால் ஊர் வளரவில்லை. வளராமையால் பழைய தெருக்கள் இடிபடாமல் எஞ்சின. அவ்வூரின் தாழ்வே அதன் பழமையைக் காத்தது என்பது விந்தைதான்.

இது நம் ஊருக்கும் பொருந்தாத கதையன்று. முத்துப்பேட்டையும் ஒரு காலத்தில் இலங்கையோடு நெல்லும் அரிசியும் வாணிபம் செய்த சிறு துறைமுகமே. இன்று அத்துறையில் மீன்பிடிப் படகுகளும், அலையாத்திக் காட்டைக் காணவருவோரின் படகுகளும் மட்டுமே செல்கின்றன.

பூம்புகாரில் மாலை

மாலை வெயில் சாயும் வேளையில் பூம்புகாரை அடைந்தோம். பட்டினப்பாலையும் சிலப்பதிகாரமும் பாடிய காவிரிப்பூம்பட்டினம் இது. யவன வணிகர் வந்து தங்கிய துறை இது. கிரேக்க அறிஞர் தாலமி தம் நூலில் 'கபேரிஸ்' என்று குறித்த துறைமுகமும் இதுவே என்பர். 1973-இல் நிறுவப்பட்ட சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைப் பார்த்துவிட்டு மணற்கரையில் அமர்ந்தோம். "பழைய நகரம் எங்கே?" என்று மாணவர்கள் சுற்றிலும் நோக்கினர்.

1960-களில் இந்தியத் தொல்லியல் துறையினர் இங்கு அகழ்ந்தபோது, கீழையூரில் செங்கல்லால் கட்டிய படகுத்துறை ஒன்றும், படகு கட்டுவதற்குரிய மரத்தறிகளும் கிடைத்தன. பல்லவனீச்சுரத்தில் பௌத்த விகாரமும், வானகிரியில் நீர்த்தேக்கமும் வெளிப்பட்டன. பின்னர்த் தேசியக் கடலாய்வு நிறுவனத்தாரும் தமிழகத் தொல்லியல் துறையினரும் கடலுக்குள்ளும் மூழ்கி ஆராய்ந்தனர். கிடைத்தவை சிலவே, அவற்றுள் சிலவற்றின் காலத்தைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடும் உண்டு. ஆயினும், கல்லும் செங்கல்லும் சொல்லாத அந்நகரின் தெருக்களையும், கடைகளையும், பாதுகாவலையும், விழாக்களையும் இலக்கியம் நமக்குச் சொல்லிவிட்டது. புலவர் எழுதாதிருந்தால், ஒரு செங்கல் துறையையும் சில தறிகளையும் வைத்துக்கொண்டு நாம் என்ன அறிந்திருப்போம்?

மூன்று முடிவுகள்

திரும்பும் வழியில் இருள் சூழ்ந்தது. மாணவர்கள் கண்டவற்றைத் தொகுத்துக் கூறுமாறு கேட்டோம். ஒருவர் கூறிய விடை எல்லார்க்கும் உவப்பாயிருந்தது. "கடலோர ஊர் மூன்று வகையில் முடிகின்றது. பூம்புகாரைக் கடல் கொண்டது. தரங்கம்பாடியை விட்டு வாணிபம் விலகியது. நாகை விகாரத்தை மனிதர் இடித்தனர்" என்றார். இம்மூன்றில் முதலிரண்டும் பெரும்பாலும் நம் ஆற்றலுக்கு அப்பாற்பட்டவை. மூன்றாவது முற்றிலும் நம் கையில் உள்ளது.

இதனை எண்ணும்போது ஓர் இலக்கியச் செய்தி நினைவுக்கு வருகின்றது. தமிழ் முஸ்லிம் இலக்கியத்தில் மிகத் தொன்மையானதாகக் கருதப்படும் பல்சந்தமாலை முழுமையாகக் கிடைக்கவில்லை. களவியற்காரிகையின் உரையில் மேற்கோளாக எடுத்தாளப்பட்ட எட்டுப் பாடல்களே எஞ்சின. ஓர் உரையாசிரியர் எடுத்தெழுதியதால் அந்நூல் ஒன்று இருந்தது என்பதையாவது அறிகின்றோம். எடுத்தெழுதுவார் இன்றி மறைந்தவை எத்தனையோ!

நம் ஊர்களில் இன்று என்ன நிகழ்கின்றது? முற்றமும் திண்ணையும் கொண்ட ஓட்டு வீடுகள் இடிக்கப்பட்டு மாடி வீடுகள் எழுகின்றன. புது வீடு கட்டுவதைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. வெளிநாடுகளில் உழைத்துப் பொருளீட்டியவர்களின் உரிமை அது. ஆனால், பரணில் கிடக்கும் பெட்டிகளையும் சேர்த்தே வெளியே எறிந்துவிடுகின்றோம். அவற்றில் அரபுத் தமிழ்க் கைப்பிரதிகள் இருக்கலாம். பாட்டனார் கொழும்பிலும் பினாங்கிலும் எழுதிய கணக்குப் பேரேடுகள் இருக்கலாம். கப்பலில் வந்த கடிதங்கள் இருக்கலாம். கபுருஸ்தானின் பழைய மீசான் கற்களில் எழுத்துகள் தேய்ந்துகொண்டிருக்கின்றன. 1867-இல் நாகையில் கடப்பாரை எடுத்தவர்களை நாம் குறை கூறினோம். பழைய பெட்டியைப் பழம்பொருள் வியாபாரியிடம் எடைக்குப் போடும் நமக்கும் அவர்களுக்கும் என்ன வேறுபாடு?

மாணவர்களுக்கு நாம் முன்வைக்கும் வேண்டுகோள் எளியது. விடுமுறையில் வீடு செல்லும் ஒவ்வொருவரும் தம் குடும்பத்தில் மூத்தவர் ஒருவரிடம் அமர்ந்து, அவர் அறிந்த ஊர்ச் செய்திகளை எழுதி வாருங்கள். பழைய ஏடோ கடிதமோ கிடைத்தால், உரியவர் இசைவோடு அதனை ஒளிப்படம் எடுத்து வையுங்கள். இன்று ஒவ்வொருவர் கையிலும் உள்ள கைப்பேசி அதற்குப் போதும். மீசான் கல்லின் எழுத்துகளைச் சுரண்டாமல், சாயம் பூசாமல், உள்ளவாறே படியெடுங்கள். ஆசிரியர்கள் அவற்றைத் தொகுத்துப் பட்டியலிடட்டும். பெரியவர்கள், தங்களிடம் உள்ளவற்றை மறைக்காமல் காட்டி உதவட்டும். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் அயல்நாட்டார் தனியே செய்த பணியை நாம் பலர் கூடிச் செய்ய இயலாதா?

குசைர் கடற்கரையில் தம் பெயரை எழுதிவைத்த கண்ணனும் சாதனும் தாம் வரலாற்றில் நிற்போம் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். தம் பானை பிறர் பானையோடு கலந்துவிடக் கூடாதென்றே எழுதியிருப்பர். அவ்வளவு எளிய எழுத்து இரண்டாயிரம் ஆண்டுகளைக் கடந்து வந்துள்ளது. அவ்வாறாயின், நாம் கருதி எழுதுவது எத்தனை தலைமுறைகளுக்குச் சென்று சேராது!

பேருந்து முத்துப்பேட்டையை நெருங்கியபோது காயல் காற்று உப்பின் மணத்தோடு வந்து வீசிற்று. மறுநாள் காலையில் அந்தப் பின்வரிசை மாணவர் ஒரு பழைய பேரேட்டைக் கையில் ஏந்தித் துறைக்கு வந்தார். அவருடைய பாட்டனாரின் தந்தையார் எழுதிய அரிசிக் கணக்கு அது. நம் பட்டியலின் முதல் வரி அன்றே எழுதப்பட்டது.